எங்கள் வீட்டுப் படங்களைக் காத்துத் தந்தவர்களுக்கு

பெருமதிப்பிற்குரிய உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டு, திருநெல்வேலி மீனாட்சிபுரத்தில் உள்ள எங்கள் வீட்டிற்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது, நான்கு தலைமுறைப் படங்கள் இருந்த டிரங்குப் பெட்டியும் அதில் மூழ்கியது. 1992 வெள்ளத்தில் எங்கள் ஆச்சி அந்தப் பெட்டியைப் பரணில் ஏற்றிக் காப்பாற்றியிருந்தார். வீட்டிற்கு வெள்ளையடிப்பதற்காக அதைக் கீழே இறக்கியவனும், மீண்டும் ஏற்றாமல் விட்டவனும் நான்தான். ஆயினும் அதிலிருந்த 340 படங்களில் 291 இன்று எங்களிடம் இருக்கின்றன. அதற்குக் காரணமானவர்களுக்கு நேரில் சொன்ன நன்றி போதாது என்று தோன்றியதால் இம்மடலை எழுதுகிறேன்.

தங்கள் வீட்டுச் சாமான்களே மிதந்துகொண்டிருக்கையில் எங்கள் பெட்டியைத் தலையில் சுமந்து மேட்டுக்குக் கொண்டுவந்த அடுத்த வீட்டு அண்ணாச்சியின் மக்கள் இருவருக்கும் முதல் நன்றி.

அடுத்தது, ஸ்டுடியோத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றுப் பாளையங்கோட்டையில் வசிக்கும் புகைப்படக்காரப் பெரியவருக்கு. ஒட்டிக்கிடந்த படங்களைப் பிரித்து வெயிலில் போட நாங்கள் முற்பட்டபோது, "இழுக்காதீங்க, ஒட்டுனபடியே காயவும் விடாதீங்க" என்று தொலைபேசியிலேயே தடுத்தவர் அவர். படத்தாளின் மேல் உருவத்தைத் தாங்கி நிற்பது மெல்லிய ஜெலட்டின் பூச்சு. ஊறி இளகியிருக்கையில் விரல் பட்டாலே அது வழன்று வரும், ஒட்டியபடியே காய்ந்துவிட்டாலோ பசையாக இறுகி இரண்டு படங்களையும் ஒன்றாக்கிவிடும். குளிர்ந்த நல்ல தண்ணீரில் படங்களை இட்டு, தாமாக விலகியவற்றை மட்டும் எடுத்து, முகம் மேலே இருக்கும்படி நிழலில் உலர்த்தச் சொன்னார். இரண்டு நாள்களுக்குள் கை வைக்க முடியாதவற்றை உறைய வைத்துவிட்டால் பூஞ்சை பிடிக்காது, பிறகு ஆற அமரப் பிரிக்கலாம் என்றதும் அவரே. அந்தச் சொல்லை நம்பி, தம் கடையின் உறைபெட்டி ஒன்றைக் காலி செய்து, ஐந்து வாரம் வாடகையின்றி எங்களுக்கு விட்டுக்கொடுத்த ஐஸ்கிரீம் வியாபாரியை எங்கள் குடும்பம் மறவாது.

1940களின் கறுப்பு வெள்ளைப் படங்கள், கறுப்பு அட்டையில் முக்கோண மூலைகளுக்குள் செருகப்பட்டிருந்ததால், எளிதாகக் கழன்று வந்தன. பசை தடவிய அட்டையும் பிளாஸ்டிக் தாளும் கொண்ட, 1980களில் ஆசையோடு வாங்கிய ஆல்பங்களில் இருந்த வண்ணப் படங்களே பெரும்பாலும் போயின. என் பெற்றோருடைய அறுபதாம் கல்யாணப் படங்களில் ஒன்றுகூட மிஞ்சாதது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

மருமகனும் அவனுடைய கல்லூரித் தோழர்களும் ஒவ்வொரு படத்தையும் அங்குலத்திற்கு 600 புள்ளி அளவில், முன்பக்கமும் பின்பக்கமுமாக ஸ்கேன் செய்தார்கள். பின்பக்கத்து ஸ்டுடியோ முத்திரையையும் பென்சில் எழுத்தையும் விட்டுவிடக் கூடாது என்று வற்புறுத்தியவர் அக்கல்லூரியின் நூலகர். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு மின்னுருவாக்கம் செய்த பழைய தமிழகத்து ஸ்டுடியோப் படங்களை எங்களுக்குக் காட்டியவரும் அவரே. வரைந்த திரைச்சீலைக்கு முன்னால் விறைத்து நிற்கும் அந்த மனிதர்களைப் பார்த்த பிறகுதான், எங்கள் வீட்டுப் படங்களும் ஒரு காலத்தின் ஆவணம் என்பது எனக்குப் புரிந்தது.

எல்லாவற்றையும் விட, 86 வயதான எங்கள் பெரியத்தைக்கு நான் பட்ட கடன் பெரிது. மூன்று வார காலம், மாலைதோறும் பூதக்கண்ணாடியோடு அமர்ந்து அவர் பெயர் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதினோம். தோளைத் தொடும் பாம்படத்தோடு ஒரு படத்திலும், சிறிய கம்மலோடு வேறொரு படத்திலும் இருந்த பெண்களை நாங்கள் இரண்டு பேர் என்றே இதுநாள் வரை எண்ணியிருந்தோம். இருவரும் ஒருவரே என்றும், பாம்படத்தைக் கழற்றிக் காதைத் தைத்துக்கொண்ட பின் எடுத்தது இரண்டாம் படம் என்றும், அது தம் தாயைப் பெற்றவர் என்றும் அத்தை சொன்னபோது அங்கிருந்த எவருக்கும் பேச்சு எழவில்லை. அவர் சொல்லாதிருந்தால், வெள்ளத்தில் தப்பிய அந்தப் படம் இன்னும் பத்து ஆண்டுகளில் யாரோ ஒருத்தியின் படமாகியிருக்கும்.

திருநெல்வேலி, சென்னை, சிங்கப்பூர் ஆகிய மூன்று ஊர்களிலும் இப்போது ஒவ்வொரு ஹார்டு டிஸ்க்கில் எல்லாப் படங்களும் இருக்கின்றன. அவற்றைத் தங்கள் பொறுப்பில் ஏற்றுக்கொண்ட தங்கைக்கும் சித்தப்பா மகனுக்கும் என் நன்றி.

பெரியத்தைக்கும் அடையாளம் தெரியாத 17 படங்களை இம்மடலோடு அனுப்பியிருக்கிறேன். ஒன்பதாம் படத்தில், மர நாற்காலியின் கையைப் பிடித்தபடி, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையோடு ஒரு சிறுவன் நிற்கிறான். பின்பக்கத்தில் கொழும்பு ஸ்டுடியோ ஒன்றின் முத்திரை உள்ளது. அத்தைக்குப் பார்வை மங்கி வருவதால், அவனை அறிந்தவர்கள் விரைவில் எழுதுமாறு வேண்டுகிறேன்.

நன்றியுடன்,
மீனாட்சிபுரத்து வீட்டார் சார்பில்,
உங்கள் அன்பன்