எங்கள் பிள்ளைகளுக்கு ஒருமுறை பாரைக் காட்டுங்கள்

கடற்கரைப் பள்ளிகளில் பவளப்பாறை விழிப்புணர்வு முகாம் நடத்தும் அதிகாரிகளுக்கும் அலுவலர்களுக்கும்,

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றில், அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். சென்ற மாதம் எங்கள் பள்ளிக்கு வந்திருந்தீர்கள். வந்ததற்கு நன்றி. தொப்பிக்கும் நன்றி, சில பிள்ளைகள் இன்னும் அதைக் கழற்றவில்லை. அன்று நடந்தது உங்களுக்கே தெரியும் என்பதால் வினாடி வினாவை மட்டும் நினைவுபடுத்துகிறேன்.

"மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவில் எத்தனை தீவு?" என்று கேட்டீர்கள். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் முதல் ஆளாகக் கைதூக்கி, "பத்தொம்போது" என்றான். தப்பு என்றீர்கள். பின்வரிசையில் ஒரு பெண் "இருபத்தொண்ணு" என்றாள். பரிசு டிபன் பாக்ஸ் அவளுக்குப் போனது. பையன் உட்காரவில்லை. "ரெண்டு முங்கிப்போச்சு சார்" என்றான். "புத்தகத்துல இருக்குறதச் சொல்லணும் தம்பி" என்று சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டீர்கள்.

ஐயா, ரெண்டு முங்கித்தான் போச்சு. கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டி, தூத்துக்குடிப் பக்கம் விலாங்குச்சல்லி. 1986இல் பூங்கா அறிவிக்கப்பட்டபோது போட்ட கணக்கு 21. தீவைச் சுற்றியிருந்த பாரை, அதாவது பவளப்பாறையை, வெட்டி வெட்டி, சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் கரையேற்றினார்கள். அலையைத் தாங்கப் பார் இல்லாமல் மணல் கரைந்துபோனது. அந்தப் பையனின் தாத்தா பூவரசன்பட்டிப் பக்கம் வலை விட்டவர். அவனுக்கு அது பாடம் இல்லை, வீட்டுக்கதை. இரண்டு மணி நேரம் திரையில் படம் போட்டு நீங்கள் சொல்ல வந்ததை அவன் மூன்று வார்த்தையில் சொன்னான். பரிசு புத்தகத்துக்குப் போனது.

இதற்காக நான் இதை எழுதவில்லை. வினாடி வினாவில் யாருக்கும் தவறு வரும். நான் கேட்பது ஒன்றே ஒன்று: எங்கள் பிள்ளைகளை ஒரு நாள் படகில் ஏற்றிப் பாரைக் காட்டுங்கள்.

நீங்கள் போட்ட படங்கள் அழகு. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீனைக் கண்டு எல்லாரும் கைதட்டினார்கள். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "இது எந்தப் பாரு சார்?" என்று கேட்டாள். உங்களுக்குப் புரியவில்லை. தப்பில்லை, பரமக்குடியிலிருந்து மாற்றலாகி வந்த புதிதில் எனக்கும் புரியவில்லை. பவளப்பாறை என்பது புத்தகத்துச் சொல். இங்கே அது பார். பார் உடைந்து கரை ஒதுங்கினால் சல்லி. அந்தச் சல்லிதான் புளுவினிச்சல்லி, காரைச்சல்லி என்று தீவுகளின் பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் விளக்கிச் சொன்ன பிறகு "இது ஆஸ்திரேலியா பாப்பா" என்றீர்கள். "நம்ம பாரு?" என்றாள். அதற்குப் படம் இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட வகைப் பவளம் பதிவான கடலை ஜன்னலுக்கு வெளியே வைத்துக்கொண்டு, ஆஸ்திரேலியாவைப் பார்த்துக் கைதட்டினோம்.

கடற்கரைப் பிள்ளைகள்தானே, பார்த்திருக்க மாட்டார்களா என்று நீங்கள் நினைக்கலாம். ஆண்பிள்ளைகளில் நாலைந்து பேர் லீவு நாளில் அப்பாவோடு வள்ளத்தில் போயிருப்பார்கள். பெண்பிள்ளைகளை எங்கள் ஊரில் யாரும் வள்ளத்தில் ஏற்றுவதில்லை. பாரைப் பக்கத்தில் பார்க்கிறவர்கள் அவர்களுடைய அம்மாக்கள்தான். கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, மூச்சை அடக்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசி என்ற கடற்பாசியை எடுக்கிறவர்கள். அவர்களும் தங்கள் பெண்ணுக்குக் காட்டவில்லை. இந்தத் தொழிலே அவளுக்கு வேண்டாம் என்பதால்.

படகுக்காக நான் அலைந்த கதை உங்கள் கோப்புகளில் இருக்கும். சுருக்கமாகத்தான் சொல்கிறேன், அப்போதும் நீளும். அடியில் கண்ணாடி போட்ட படகில் சுற்றுலாப் பயணிகளை அழைத்துப்போகிறார்கள் என்று தெரிந்து, 34 பிள்ளைகளுக்கு அனுமதி கேட்டுப் போன கல்வியாண்டில் ஆடி மாதம் மனு கொடுத்தேன். உரிய வழியாக வரவில்லை என்று திரும்பியது. உரிய வழியாக அனுப்பினேன். பெற்றோர் சம்மதக் கடிதம் கேட்டார்கள். 34 கையெழுத்தில் 11 கைநாட்டு. கைநாட்டுக்குச் சாட்சிக் கையெழுத்து எங்கே என்று மறுபடி திரும்பியது. சாட்சி வாங்கினேன். மாணவர்களைக் கடலுக்குள் அழைத்துப்போவது பாதுகாப்பில்லை என்று அடுத்த பதில் வந்தது. அப்பன் தினம் போகிற கடல். அந்தப் பதில் வந்த வாரத்திலேயே, வெளியூர்த் தனியார் பள்ளி ஒன்றின் ஏசி பேருந்து படகுத்துறையில் நின்றதை என் கண்ணால் பார்த்தேன். அந்தப் பிள்ளைகள் மீது எனக்கு வருத்தம் இல்லை. நல்லா பார்க்கட்டும். எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் அதே கடல் ஏன் ஆழமாகிவிடுகிறது என்றுதான் புரியவில்லை.

கடைசியில் கட்டணம் கட்டினால் பரிசீலிக்கலாம் என்று கடிதம் வந்தபோது பங்குனி முடிந்திருந்தது. அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போய்விட்டார்கள். அதில் இரண்டு பெண்கள் இப்போது அம்மாவோடு பாசிக்குப் போகிறார்கள். அவர்கள் பாரைப் பார்த்துவிட்டார்கள். உங்கள் அனுமதி தேவைப்படவில்லை.

முகாமின் முடிவில் உறுதிமொழி எடுக்கச் சொன்னீர்கள். "பவளப்பாறைகளைச் சேதப்படுத்த மாட்டேன்." பாசி எடுக்கிற அம்மாவின் பெண்ணும் கையை நீட்டிச் சொன்னாள், என்னைப் பார்த்துக்கொண்டே. இந்த ஊர்க்காரர்கள் பவளக்கல் எடுக்கவே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. தாத்தாக்கள் எடுத்தார்கள், அவர்களே சொல்வார்கள். 2001இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்கு வந்தது, இப்போது எடுத்தால் ஜெயில் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால் 2016 கோடையில் கடல் சூடேறி, பார் பாராக வெளுத்துச் செத்ததே, அது எந்த அம்மாவின் விறகடுப்புச் சூடு? அதற்கு யாரிடம் உறுதிமொழி வாங்கினீர்கள்? கடலடியைச் சுரண்டி மடிவலை இழுக்கும் விசைப்படகு முதலாளியையும் ஒருநாள் தொப்பி போட்டு வரிசையில் நிறுத்திக் கையை நீட்டச் சொல்லுங்கள், நாங்களும் கைதட்டுகிறோம். முகாமுக்குக் கட்டிய ஃபிளெக்ஸ் பேனர் இப்போது ஒரு வீட்டு முற்றத்தில் பாசி காயவைக்க விரித்துக் கிடக்கிறது. உருப்படியாக மிஞ்சியது அதுதான்.

மன்னிக்கவும். கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன்.

படகு கிடைக்காததால் நான் என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளை அரசுப் பேருந்தில் தனுஷ்கோடிக்கு அழைத்துப்போனேன். 1964 புயலில் இடிந்த தேவாலயத்துச் சுவர் பவளக்கல்லால் கட்டியது. எல்லாரும் அதன்முன் நின்று செல்ஃபி எடுக்க, நாங்கள் சுவரோடு முகத்தை ஒட்டி நின்றோம். சாந்து உதிர்ந்த இடத்தில் கல்லில் நட்சத்திரம் நட்சத்திரமாகக் குழி தெரியும். ஒவ்வொரு குழியும் ஒரு பிராணி குடியிருந்த வீடு என்றேன். அதன் உடம்புக்குள் ஒரு நுண்பாசி இருந்து, வெயிலில் சமைத்துப் போடுகிறது. கடல் சூடானால் அந்தப் பாசி போய்விடும், பவளம் வெளுத்துப் பட்டினி கிடக்கும் என்றேன். "உள்ளேயும் பாசிதானா டீச்சர்?" என்று கேட்டாள் ஒருத்தி. அப்புறம் ஒரு குழியில் சுண்டுவிரல் நுனியை வைத்தாள். ரொம்ப நேரம் விரலை எடுக்கவில்லை.

செத்த கல்லை வைத்தே இவ்வளவு நடந்தது. உயிரோடு இருப்பதைக் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

தீவில் இறங்க வேண்டாம், சட்டம் தெரியும். எதையும் தொட மாட்டார்கள். மாசியில் கடல் அடங்கித் தண்ணீர் தெளிந்திருக்கும். அதற்குள் தேதி கொடுத்தால் போதும். இந்த ஆண்டும் 34 பேர்தான். மிதவை அங்கி மட்டும் நீங்கள் தர வேண்டும். சாப்பாடு நாங்கள் கட்டிக்கொண்டு வருகிறோம், உங்களுக்கும் சேர்த்து. சம்மதக் கடிதங்கள், சாட்சிக் கையெழுத்துகள் உட்பட, இம்முறை முன்கூட்டியே இணைத்திருக்கிறேன்.

"பத்தொம்போது" சொன்ன பையனும் ஒன்று கேட்கச் சொன்னான். வழியில் பூவரசன்பட்டி இருந்த இடத்தில் படகை ஒரு நிமிடம் நிறுத்த முடியுமா? இடத்தை அவன் தாத்தா காட்டுவார்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்நோக்கும்
அறிவியல் ஆசிரியை