இரண்டில் ஒன்றைத்தான் கொடுத்தேன்

கந்திகுப்பம், எலத்தகிரி சுற்றுவட்டாரத்து உறவுகளுக்கும், கிருஷ்ணகிரியிலும் சென்னையிலும் எங்களைத் தாங்கிப் பிடித்த எல்லாருக்கும்,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

என் நாத்தனாருக்கு நான் சிறுநீரகம் கொடுத்த அறுவை சிகிச்சை முடிந்து ஓராண்டு ஆகிறது. அப்போதே எழுதியிருக்க வேண்டிய மடல். மாடு, மகளின் பரீட்சை, மாங்காய் என்று தள்ளிப்போய்விட்டது. உண்மையைச் சொன்னால் கூச்சமும் ஒரு காரணம். யாரைப் பார்த்தாலும் "எவ்வளவு பெரிய தியாகம்!" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். பங்கு இளைஞர்கள் என் படத்தைப் போட்டு 'தியாகச் சுடர்' என்று ஃபிளக்ஸ் அடிக்கக் கிளம்பியது நல்லவேளையாக முன்னாலேயே காதுக்கு வந்துவிட்டது. தம்பிகளா, அன்று திட்டியதற்குக் கோவித்துக்கொள்ளாதீர்கள். அந்தக் காசில் மாதா குகையான கெபிக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குழாய் போட்டீர்களே, முதல் நன்றி அதற்குத்தான்.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் நாத்தனாருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துபோயின. வாரம் இரண்டு முறை கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். எங்கள் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, அத்தைக்கு வயதாகிவிட்டது, அவள் கணவருக்கு ரத்த வகை சேரவில்லை. என்னுடையது ஓ பாசிட்டிவ். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் அண்ணி கொடுப்பது அத்தனை சுலபமில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன் மனைவிதான் நெருங்கிய உறவு. பிற்பாடு தாத்தா பாட்டியையும் பேரப் பிள்ளைகளையும் சேர்த்தார்கள். அண்ணிக்கு அதில் இடமில்லை. அப்படிப்பட்டவர்கள் பணத்துக்காகவோ மிரட்டலுக்குப் பயந்தோ கொடுக்கவில்லை என்று அனுமதிக் குழுவுக்குத் தெரிய வேண்டும். அலைச்சலில் எரிச்சல் வந்தாலும் அது சரியான சட்டம் என்றுதான் சொல்வேன். ஒரு மருமகளைச் சம்மதிக்க வைப்பது எவ்வளவு சுலபம் என்று நம் ஊரில் யாருக்குத் தெரியாது?

அந்த அனுமதிக்கு வேண்டிய சான்றிதழ்களுக்காக எங்களோடு கிராம நிர்வாக அலுவலகத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடையாய் நடந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஐயாவுக்கு நன்றி. ஒரு காகிதம் குறைந்து திரும்பியபோது நான் அழுதேன், அவர் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு மறுபடியும் வரிசையில் போய் நின்றார்.

குழுவின் முன்னால் போனது தவக்காலத்தில். பலி, ஒறுத்தல், சிலுவை என்று பேருந்தில் வழிநெடுக மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அங்கே நான் பேசுவதைப் பதிவு செய்ய எதிரே வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. "ஏம்மா கொடுக்கிறீர்கள்?" என்று டாக்டர் கேட்டதும் எல்லாம் மறந்துபோனது. "நான் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பொண்ணு சார். கல்யாணமாகி வந்தப்ப எனக்குக் களி கிண்டத் தெரியாது. அத்தைக்குத் தெரியாம இவதான் கிண்டிக் கொடுத்து என் மானத்தைக் காப்பாத்துனா" என்று உளறினேன். அவர் சிரித்துவிட்டார். அனுமதி கிடைத்தது.

விடியற்காலை 5 மணிக்கு வேனோடு வாசலில் வந்து நின்ற பாய் அண்ணனுக்கு நன்றி. டயாலிசிஸ் முடியும்வரை அவர் காத்துக்கிடந்த மணி நேரங்களுக்கு ஒருநாளும் காசு வாங்கவில்லை. எங்கள் மாட்டைத் தன் மாட்டோடு கட்டிக்கொண்டு, கறந்த பாலை எங்கள் அட்டையிலேயே சொசைட்டியில் ஊற்றிய பக்கத்து வீட்டு அக்காவுக்கு, தோப்புக் குத்தகைப் பணத்தைப் பூ எடுக்கும் முன்பே கொடுத்துவிட்ட வியாபாரிக்கு, முறை வைத்து என் மகளுக்குச் சோறு கொண்டுவந்த எங்கள் பங்கின் அன்பியக் குழுப் பெண்களுக்கு, சென்னையில் எங்களைத் தங்கவைத்த சிஸ்டர்மாருக்கு என்று சொல்லிக்கொண்டே போகலாம். சிகிச்சைச் செலவு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் போனது. மற்றதெல்லாம் உங்கள் கைகளிலிருந்துதான் வந்தது.

அம்மா, உனக்குத் தனியாக எழுத வேண்டும். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. "உன்னைப் பெத்தவளைக் கேட்டியா?" என்று கேட்டாய். கேட்கவில்லைதான். அது என் தப்பு. கடைசியில் நீதான் ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருந்தாய்.

அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் இரவு எனக்கு நல்ல பயம். ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது. ஆண்டவரிடம் சண்டை போட்டேன். பதில் ஒன்றும் வரவில்லை. வார்டு ஆயாம்மா வந்தார். "நெத்தியில துன்னூறு பூசட்டுமா கண்ணு?" என்றார். பூசுங்கம்மா என்றேன். சாம்பல் புதன் முடிந்து இரண்டு மாதத்துக்குள் நெற்றியில் இரண்டாவது சாம்பல். அப்புறம் தூங்கிவிட்டேன்.

எடுத்தது இடது பக்கத்துச் சிறுநீரகம். அதன் ரத்தக் குழாய் நீளமாக இருப்பதால் பெரும்பாலும் அதைத்தான் எடுப்பார்களாம். பழையவற்றை அப்படியே விட்டுவிட்டு, புதியதை அடிவயிற்றில் வைப்பார்கள் என்பது எனக்கு அங்கே போய்த்தான் தெரியும். ஆக, அவளிடம் இப்போது மூன்று, என்னிடம் ஒன்று. "நாத்தனார் சீர் கொஞ்சம் அதிகமா போயிடுச்சு" என்பது எங்கள் வீட்டுக்காரரின் நகைச்சுவை.

டயாலிசிஸ் காலத்தில் அவள் ஒரு நாளைக்குக் குடிக்க வேண்டிய தண்ணீரைக் காலையிலேயே அளந்து பாட்டிலில் வைத்துவிடுவோம். சித்திரை வெயிலில் அதைத் தொண்டை நனைய மட்டும் குடிப்பாள். இளநீர் கூடாது. வீட்டைச் சுற்றி செந்தூராவும் பெங்களூராவும் பழுத்து விழும், மாம்பழமும் கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயத்துக்கு ஆபத்து. அறுவை சிகிச்சைக்குப் பிறகு என்னை நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய்க் காட்டினார்கள். கட்டிலின் பக்கத்தில் தொங்கிய பையைக் காட்டி, "யூரின் வருது அண்ணி" என்றாள். பல மாதமாக நின்றுபோயிருந்தது. நர்ஸ் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார். அவள் ஒரு சொம்பை இரண்டு கையாலும் பிடித்து, நிறுத்தாமல், மடக் மடக்கென்று குடித்ததை நான் பார்த்தேன். ஆசீர்வாதம் என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போது அந்தச் சத்தம்தான் கேட்கும்.

கோயிலில் ஏழைக் கைம்பெண்ணின் காணிக்கை வாசகம் வந்தால் இப்போது தலையைக் குனிந்துகொள்கிறேன். அவளிடம் இருந்தது இரண்டு காசு, இரண்டையும் போட்டாள். நான் இரண்டில் ஒன்றைத்தான் கொடுத்தேன். மிச்சமிருப்பது கொஞ்சம் பெருத்து வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்று டாக்டர் தைரியம் சொன்ன பிறகு கொடுத்தேன். ஆனால் எங்கள் தெருக்கோடிப் பாட்டி இருக்கிறாரே, நூறு நாள் வேலைக்குப் போகிறவர், உலகத்தில் அவருக்கு இருந்த ஒரே சுகம் வெற்றிலை. நாங்கள் நல்லபடியாகத் திரும்பும்வரை தொடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டு விட்டுவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்து, கன்னம் ஒட்டிப்போயிருக்கிறதே என்று நான் கேட்டபோதுதான் வெளியே வந்தது. இன்னும் தொடவில்லை. "பழகிப்போச்சு போ" என்கிறார்.

அடுத்த ஞாயிறு காலை எங்கள் நன்றிப் பூசை. நாத்தனார் முகக்கவசத்தோடு பின்வரிசை ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். மாத்திரைகளால் எதிர்ப்புச் சக்தி குறைவு என்பதால், கட்டிப்பிடிக்காமல் தூரத்திலிருந்து சிரித்துவிட்டுப் போங்கள். அப்புறம் எல்லாரும் வீட்டுக்கு வாருங்கள். கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும். களி கிண்டப்போவது நான்தான், அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வாள். மொய் வேண்டாம், சால்வை வேண்டாம்.

பாட்டி, வாசல் திண்ணையில் உங்களுக்காக ஒரு கவுளி வெற்றிலை தனியாக எடுத்து வைத்திருப்பேன்.

உங்கள் வீட்டு மருமகள்