புல்லட்டுக்கு ஆள் வந்திருக்கிறது

கோத்தகிரி

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். மழைதான் விட்டபாடில்லை. நீ உருவம் மாற்றப் போய்ப் பாதியில் விட்ட புல்லட்டை விலைக்குக் கேட்டு இரண்டு பேர் வந்துபோனார்கள். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

முதலில் வந்தது ஒரு கோயம்புத்தூர்ப் பையன். முன் சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க்கை நீ நீட்டிவிட்டிருப்பதைப் பார்த்ததும் வாயெல்லாம் பல். 80,000 தருகிறேன் என்றான். குறையெல்லாம் நானே காட்டினேன். ஒயரிங் பாதியில் நிற்கிறது, சீட்டுக்குத் தகடுதான் உண்டு, டேங்க்கில் வெறும் பிரைமர், அதாவது அடிப்பூச்சு மட்டும். பெட்ரோலைப் பாதியோடு விட்டுப்போனாய் அல்லவா, இந்தக் குளிரில் டேங்க் உள்ளே வேர்த்து வேர்த்து ஒரே துரு. மெக்கானிக் மண்ணெண்ணெயும் ஒரு பிடி நட்டும் போட்டு, கோணியில் சுற்றிக் குலுக்கினார். டிகாஷன் மாதிரி இறங்கியது. அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் ஓடியே போய்விட்டது.

ஆர்.சி. பேச்சை எடுத்ததும் பையன், "அதெல்லாம் பார்த்துக்கலாம் ஆன்ட்டி" என்றான். எனக்குப் பிடிக்கவில்லை. ஆர்.சி.யில் இருப்பது கம்பெனி வடிவம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதையேதான் சொன்னது. 15 வருடம் தாண்டிய வண்டியை 5 வருடத்துக்கு ஒருமுறை ஆய்வாளர் முன் நிறுத்தியாக வேண்டும். இந்தக் கோலத்திலா? பெயர் மாறாதவரை கேள்வி உன்னிடம்தான் வரும்.

அடுத்தவர் குன்னூர்க்காரர், ஐம்பது வயதிருக்கும். ஒயரிங் இல்லாததால் மெக்கானிக் பேட்டரியை நேராக, தீப்பொறிக்குக் கரண்ட் தரும் காயிலுக்குக் கொடுத்து, பாட்டிலிலிருந்து பெட்ரோல் விட்டார். குன்னூர்க்காரர், இன்ஜின் அழுத்தத்தைத் திறந்துவிடும் டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்துக் கிக்கரை மெல்ல இறக்கி, விட்டு, ஒரே மிதி. பிடித்துக்கொண்டது. அணைத்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "பழைய ஃபோர்க் இருக்கிறதா?" பரணில் சாக்கில் கிடந்ததை எடுத்துக் காட்டினேன். அதையே திரும்ப மாட்டிவிடுவாராம். நம் ஊர்க் கொண்டை ஊசி வளைவில் இந்த நீள ஃபோர்க்கைத் திருப்ப முழு ரோடும் வேண்டும் என்றார். 62,000 தருவார்.

எனக்கு இவருக்குக் கொடுக்கத்தான் மனசு. நீ கொட்டியதில் பாதிகூட வராது, தெரியும். கஸ்டம் வேலைக்குப் போட்ட காசை எவன் தருவான்? அதை நினைத்து விலையைப் பிடித்துக்கொண்டு நிற்காதே.

சம்மதம் என்றால் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டுக் கூரியரில் அனுப்பு. அப்புறம், அசல் ஆர்.சி. பீரோவில் இல்லை. உன்னிடம்தானே இருக்கிறது?

அம்மா