ஜெர்மன் சமையலில் சூப்பை விட்டுவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ஜெர்மன் சாப்பாடு பற்றிய கட்டுரையைப் படித்தேன். சாசேஜ், பீர், ரொட்டி என்று ஒரு முழுப் பக்கம், ஆனால் சூப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஒன்பது வருடமாக ஸ்டுட்கார்ட்டில் குடியிருக்கிறவள் என்பதால் சும்மா இருக்க மனம் வரவில்லை.

இங்கே சூப் என்றால் ஓட்டலில் முதலில் வரும் சின்னக் கிண்ணம் மட்டும் இல்லை. 'ஐன்டோப்ஃப்' என்பார்கள், ஒரே பானை என்று அர்த்தம். பருப்போ உருளைக்கிழங்கோ, அதோடு காய், வேண்டுமென்றால் கறி, எல்லாம் சேர்ந்து வெந்ததும் கூட ஒரு துண்டு ரொட்டி, அன்றைய சாப்பாடே அதுதான். கேரட், லீக் தண்டு, செலரிக் கிழங்கில் ஒரு துண்டு, கொஞ்சம் பார்ஸ்லி என்று சூப்புக்காகவே ஒரு கட்டு காய் கடையில் கிடைக்கும், நம்மூரில் சாம்பார் காய் என்று கலந்து விற்பார்களே, அந்த மாதிரி.

வந்த முதல் குளிர்காலத்தில் காய்ச்சலில் படுத்திருந்தேன். கீழ்வீட்டுப் பாட்டி ஒரு பாத்திரம் நிறைய கோழி சூப் கொண்டுவந்தார். தெளிவான சாறு, மேலே மின்னும் கொழுப்பு, அடியில் வட்டவட்டமாக கேரட்டும் மெல்லிய நூடுல்ஸும். காய்ச்சலை அது குணமாக்கியது என்று சொல்லமாட்டேன், ஆனால் இரண்டு நாளாக எதுவும் இறங்காத தொண்டையில் அது இறங்கியது, மிளகு ரசம் குடித்த மாதிரி மூக்கும் விட்டது.

பருப்பு சூப்பும் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். தோல் எடுக்காத பருப்பு, இறக்கும்போது ஒரு கரண்டி வினிகர். ஏன் கடைசியில் என்று கேட்டேன், புளிப்பு முன்னாலேயே சேர்ந்தால் பருப்பு வேகாது என்றார். புளிக்கு என் அம்மா சொல்வதும் இதையேதான்!

இந்தப் பருப்புக்குத் தனிக் கதையே உண்டு. பக்கத்திலுள்ள ஷ்வேபிஷ ஆல்ப் மலைப்பகுதியின் கல்லும் மண்ணுமான நிலத்தில் ஒரு காலத்தில் நிறைய விளைந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, வெளியிலிருந்து வந்த மலிவான பருப்போடு போட்டிபோட முடியாமல் விட்டுவிட்டார்கள். 1980களில் ஒரு விவசாயக் குடும்பம் மறுபடி பயிரிட ஆரம்பித்தபோது பழைய உள்ளூர் விதை கைவசம் இல்லை. 2006இல்தான் அது ரஷ்யாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் வவிலோவ் விதை வங்கியில் இருப்பது தெரியவந்து, அங்கிருந்து வாங்கிவந்து பெருக்கினார்கள். செடிக்குத் தானாக நிற்க வலுவில்லை என்பதால் ஓட்ஸோ பார்லியோ ஊடுபயிராகப் போட்டு அதன்மேல் சாய்ந்து வளர விடுகிறார்கள், அறுத்த பிறகு இரண்டையும் பிரிக்கிற வேலை வேறு.

இதைப் பற்றி அடுத்த முறை அரைப் பக்கமாவது போடுங்கள். படிக்கிறவர்கள் தோலோடு இருக்கும் மைசூர்ப் பருப்பில் செய்து பார்க்கலாம். இங்கே போடும் பன்றிக்கொழுப்புத் துண்டு இல்லாமலே நன்றாக வரும், வெங்காயத்தை மட்டும் நன்றாகச் சிவக்க வதக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஸ்டுட்கார்ட்