எங்கள் மெஸ் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மறைமலை நகர், ஆகஸ்ட் 2022

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் ஃபோர்டு ஆலையிலிருந்து கடைசி எக்கோஸ்போர்ட் காரும் வெளியே வந்துவிட்டது. 2021 செப்டம்பர் 9 அன்று ஆலையை மூடப்போகிறார்கள் என்று அறிவிப்பு வந்ததும், அன்றைய இரவுச் சாப்பாடு அண்டாவோடு மிஞ்சியது பலருக்கு நினைவிருக்கும். பத்து வருடத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம், நாடு முழுக்கச் சுமார் 4,000 ஊழியர்களுக்குப் பாதிப்பு என்றார்கள். உதிரிபாகக் கம்பெனிப் பையன்களும் வேன் டிரைவர்களும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். நம் மெஸ்ஸில் அதிகம் சாப்பிட்டதே அவர்கள்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பாக்கி வைத்தவர்கள் பெயரைக் கல்லாப் பக்கம் எழுதி ஒட்டிவிட்டேன் என்று வாட்ஸாப்பில் ஒரு போட்டோ சுற்றுகிறது. அது பாக்கிப் பட்டியலே இல்லை. மே கடைசியில் ஆலைத் தொழிலாளர்கள் செட்டில்மென்ட் பணம் கேட்டுப் போராட்டம் தொடங்கியபோது, பார்சல் யார் யாருக்கு என்று சப்ளையர் எழுதி ஒட்டிய தாள். பெயருக்கு எதிரே 2, 3 என்று இருப்பது பொட்டலக் கணக்கு. ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு ரூபாய்க்கா ஒருவரை அசிங்கப்படுத்துவேன்? அக்கவுண்ட் நோட்டு என் மேஜை டிராயரைத் தாண்டி வந்ததில்லை. செட்டில்மென்ட் பணம் கைக்கு வரட்டும், பாக்கியை அப்புறம் பார்க்கலாம் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். சிலரிடம் போனில் கேட்டது உண்மை. கேட்பதும் ஒட்டுவதும் ஒன்றா? போட்டோ எடுத்த தம்பி யாரென்றும் தெரியும். அவருக்கும் இங்கே அக்கவுண்ட் உண்டு, அவ்வளவுதான் சொல்வேன்.

வேலை போய் ஊருக்குத் திரும்பிய பிறகும் கூகுள் பேயில் பாக்கியை அனுப்பி, "அண்ணே, வத்தக்குழம்பு நினைப்பாவே இருக்கு" என்று எழுதியவர்களுக்கு என்ன சொல்வது! இன்றும் பக்கத்து ஊரான சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து வண்டி எடுத்து வந்து சாப்பிடுபவர்களுக்கும் கும்பிட்டு நன்றி சொல்கிறேன். அடுப்பு எரிவது உங்களால்தான்.

கடைச் சிலிண்டர் மே மாதம் 2,500 ரூபாயைத் தாண்டியது. ஜூலையிலிருந்து 25 கிலோ வரையுள்ள, பேக் செய்து லேபிள் ஒட்டிய அரிசி மூட்டைக்கு, பிராண்டு இல்லாவிட்டாலும், 5 சதவீத ஜிஎஸ்டி. (26 கிலோ மூட்டைக்குக் கிடையாது. எல்லா அரிசி மண்டியிலும் திடீரென்று 26 கிலோ மூட்டை முளைத்திருப்பது அதனால்தான்.) ஆகவே செப்டம்பர் 1 முதல் அளவுச் சாப்பாட்டுக்குப் பத்து ரூபாய் கூடும், இரவு ஷிப்ட் டிபன் இருக்காது. பரோட்டா மாஸ்டரும் ஒரு சப்ளையரும் இப்போது இல்லை. பரிமாறக் கொஞ்சம் தாமதமானால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு பிரியாணி வழக்கம்போல் உண்டு. 12 மணிக்குள் சொல்லிவிட்டால் எடுத்து வைக்கிறோம்.

இப்படிக்கு,
மெஸ் உரிமையாளர்