ஞாயிறு ஆராதனை: போர்வீரர் நினைவு

அனைவருக்கும் ஸ்தோத்திரம். முதல் உலகப்போர் ஓய்ந்த நாளான நவம்பர் 11-ஐ ஒட்டி வரும் இந்த ஞாயிறு, போரில் உயிர்விட்டவர்களை நினைத்து ஆராதிக்கிறோம். வழக்கமாக, சிநேகிதருக்காக ஜீவனைக் கொடுக்கும் அன்பைச் சொல்லும் யோவான் 15:13 வாசிப்போம். இந்தமுறை 2 சாமுவேல் 23. வீட்டில் ஒரு தடவை படித்துவிட்டு வாருங்கள்.

பெத்லகேம் கிணற்றுத் தண்ணீருக்குத் தாவீது ஆசைப்பட, மூன்று பேர் பெலிஸ்தரின் பாளயத்துக்குள் புகுந்து மொண்டு வருகிறார்கள். தாவீது குடிக்கவில்லை. உயிரைப் பணயம் வைத்தவர்களின் இரத்தமல்லவா இது என்று கர்த்தருக்கு ஊற்றிவிடுகிறான். அப்புறம் வீரர்களின் பட்டியல். கடைசிப் பெயர் உரியா. அவனைப் போர்முனையில் நிறுத்திச் சாகவைத்ததே தாவீதுதான். ஆனாலும் வேதம் அந்தப் பெயரை விடவில்லை. எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போகவே முடியவில்லை.

நம் லாங் பஜார் மணிக்கூண்டுக் கல்லில், முதல் உலகப்போருக்கு வேலூரிலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர்விட்டார்கள் என்று எண்ணிக்கைதான் இருக்கிறது. நாம் பெயர் சொல்லி வாசிப்போம்.

போன வருடம் நான் ஒரு இனிஷியலை மாற்றி வாசிக்க, பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்து நின்று திருத்தினார். என் தப்புதான். அதனால் பட்டாளத்துக்குப் பலரை அனுப்பிய கம்மவான்பேட்டை ஊர்க் குடும்பங்கள் உட்பட எல்லாரும், உங்கள் வீட்டில் போரில் உயிர்விட்டவரின் பெயர், ரெஜிமென்ட் (படைப்பிரிவு), வருடத்தைச் சனி மாலைக்குள் எழுதி அனுப்புங்கள். வாய்ஸ் மெசேஜ் வேண்டாம். சபையில் இல்லாத அக்கம்பக்கத்தார், எந்த மதமானாலும் சரி, அவர்கள் வீட்டுப் பெயரையும் கேட்டு வாங்குங்கள். படம் இருந்தால் கொண்டு வாருங்கள். சாமந்தி மாலைக்குச் சொல்லியாயிற்று.