தகவல் ஆணையத்திடமும் கணக்குக் கேட்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வரும் மேல்முறையீடுகளை விசாரிக்கும் தகவல் ஆணையங்களில் காலியாகக் கிடக்கும் பதவிகளை உடனே நிரப்ப வேண்டும் என்று எழுதியிருந்த தங்கள் தலையங்கத்தோடு எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆனால் தலையங்கம் அரசு செய்யத் தவறியதைச் சொல்வதோடு நின்றுவிட்டது. நாற்காலி நிரம்பிய பிறகு அதில் அமர்பவர் என்ன செய்கிறார், அதை யார் கேட்பது என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. விடுபட்ட அந்தப் பாதியைப் பற்றித்தான் இக்கடிதம்.

அரசின் பங்கை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆணையரின் பதவிக்காலம் 5 ஆண்டு அல்லது 65 வயது வரை என்று 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. 2019-இல் வந்த திருத்தம் அதை நீக்கி, பதவிக்காலத்தையும் ஊதியத்தையும் மத்திய அரசே விதி வகுத்து நிர்ணயிக்கலாம் என்று ஆக்கியது. விதிகள் வெளியானபோது 5 ஆண்டு 3 ஆண்டாகக் குறைந்திருந்தது. மாநில ஆணையர்களுக்கும் இதே கதிதான். பதவி காலியாகும் முன்பே தேர்வைத் தொடங்குங்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகளையே சுற்றிச் சுற்றி நியமிக்காதீர்கள் என்று உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு பிப்ரவரியில் சொன்ன பிறகும், ஜார்க்கண்ட் ஆணையம் 2020 மே முதல் ஆண்டுக்கணக்கில் ஆணையரே இல்லாமல் செயலற்றுக் கிடந்தது. 2024 ஜூன் இறுதியில் நாடு முழுவதும் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மேல்முறையீடுகளும் புகார்களும் நிலுவையில் இருந்ததாக, டில்லியிலுள்ள சதர்க் நாகரிக் சங்கடன் என்னும் அமைப்பு கணக்கெடுத்துச் சொன்னது. இவற்றுக்கெல்லாம் ஆணையர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் ஆணையர் இருக்கும் இடத்தில் நடப்பது என்ன? புதுச்சேரியில் எங்கள் பாகூர்ப் பகுதியில் வாய்க்கால் தூர்வாரிய வேலைக்கு உரிய அளவுப் புத்தகத்தின் (செய்த வேலையை அளந்து எழுதும் பதிவேடு) நகலையும், ஒப்பந்தக்காரருக்குப் பணம் பட்டுவாடா செய்த பில்லின் நகலையும் கேட்டு விவசாயி ஒருவர் மனுப் போட்டிருந்தார். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். அதே துறையின் மேலதிகாரியிடம் செய்த முதல் மேல்முறையீட்டுக்கும் பதில் வராமல், இரண்டாவது மேல்முறையீடு மத்திய தகவல் ஆணையத்துக்குப் போய், ஒருவழியாகக் காணொலி விசாரணைக்குத் தேதி வந்தபோது துணைக்கு நானும் போயிருந்தேன். சிறிய அறை, சுவரில் திரை, திரையில் டில்லியிலிருந்து ஆணையர். இந்தப் பக்கம் ஒரே மேசையில் மனுதாரரும், அலுவலகத்தின் சார்பில் தகவல் தர வேண்டிய பொதுத் தகவல் அதிகாரியும். அழைப்பு வந்ததும் அதிகாரி பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து மனுதாரர் கையில் கொடுத்துவிட்டு, கேட்ட தகவல் வழங்கப்பட்டுவிட்டது என்று திரையைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார். மனுதாரர் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டி முதல் தாளைப் படிப்பதற்குள் அடுத்த வழக்கின் எண்ணை அழைத்துவிட்டார்கள். அளவுப் புத்தகத்தில் நடுப் பக்கங்கள் இல்லை என்பது வெளியே வந்து புரட்டியபோதுதான் தெரிந்தது. தகவல் தராமல் இழுத்தடித்த அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சொல்கிறது சட்டத்தின் 20-ஆவது பிரிவு. பின்னர் வந்த உத்தரவில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஒரு வழக்கை வைத்து ஆணையம் முழுவதையும் எடை போடுவதாக நினைக்க வேண்டாம். அபராதம் விதித்திருக்கக்கூடிய வழக்குகளில் மிகப் பெரும்பாலானவற்றில் ஆணையங்கள் அதை விதிப்பதில்லை என்று மேலே சொன்ன அமைப்பு ஆண்டுதோறும் எழுதி வருகிறது. பொதுத் தகவல் அதிகாரிக்கு 30 நாள், முதல் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாள், போனால் போகிறது என்று 45 நாள், இரண்டாவது மேல்முறையீடு செய்யும் குடிமகனுக்கு 90 நாள் என்று எல்லோருக்கும் கெடு வைத்த சட்டம், அந்த மேல்முறையீட்டை ஆணையம் எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. ஆணையத்தின் உத்தரவில் குறை இருந்தால் சிவில் நீதிமன்றம் போக முடியாது. 23-ஆவது பிரிவு அந்தக் கதவை அடைத்துவிட்டது. மிஞ்சியிருப்பது உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. வாய்க்கால் கணக்குக் கேட்ட விவசாயியிடம் சென்னைக்குப் போய் வக்கீல் வையுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆணையரைப் பதவியிலிருந்து நீக்குவது எளிதாக இருக்கக் கூடாது என்பதை நானும் ஏற்கிறேன். நடத்தைக் கேட்டுக்காக நீக்குவதென்றால் உச்ச நீதிமன்றம் விசாரித்துச் சொல்ல வேண்டும் என்ற பாதுகாப்பு நியாயமானது. நான் கேட்பது நீக்கும் அதிகாரத்தை அல்ல, கேள்வி கேட்கும் இடத்தை. அப்படி ஓர் இடம் சட்டத்திலேயே இருக்கிறது. 25-ஆவது பிரிவின்படி ஆணையம் ஆண்டறிக்கை தயாரிக்க வேண்டும். மத்திய ஆணையத்தின் அறிக்கையை நாடாளுமன்றத்திலும், மாநில ஆணையத்தின் அறிக்கையைச் சட்டமன்றத்திலும் அரசு வைக்க வேண்டும். அவையில் வைக்கப்பட்ட பிறகு அதை எடுத்துப் படித்து, ஏன் இவ்வளவு தாமதம், ஏன் இவ்வளவு குறைவாக அபராதம் என்று கேட்பதற்குத்தான் ஆளில்லை.

தமிழ்நாட்டில் இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. மத்தியச் சட்டத்துக்கு எட்டு ஆண்டுகள் முன்னதாக, 1997-லேயே தகவல் உரிமைச் சட்டம் இயற்றிய மாநிலம் அது. எங்களுக்குப் பக்கத்திலுள்ள கடலூர்க்காரரின் இரண்டாவது மேல்முறையீடு சென்னை ஆணையத்துக்குப் போகிறது. அந்த ஆணையத்தின் அறிக்கை அவர் ஓட்டுப் போட்ட சட்டமன்றத்துக்கு வருகிறது.

கடலூர், புதுச்சேரி எல்லையிலுள்ள முள்ளோடைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டால் கதை வேறு. புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் எங்களுக்கு மாநிலத் தகவல் ஆணையம் கிடையாது, டில்லிதான். மின்சாரக் கட்டணத்தை நிர்ணயிக்கும் இணை மின்சார ஒழுங்குமுறை ஆணையம் குருகிராமில் இருக்கிறது. காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் சென்னையில், மாஹேவுக்குக் கொச்சியில், ஏனாமுக்கு ஹைதராபாத்தில். தொலைவு கூடப் பெரிய குறையில்லை, காணொலி வந்துவிட்டது. டில்லி ஆணையத்தின் அறிக்கை எங்கள் சட்டமன்றத்துக்கு வருவதில்லை என்பதே குறை. பாகூர் சட்டமன்ற உறுப்பினரால் அதைப் பற்றி ஒரு கேள்விகூட எழுப்ப முடியாது. கேட்கக்கூடியவர்கள் மக்களவையில் ஒருவர், மாநிலங்களவையில் ஒருவர், ஆக இருவர்தாம்.

புதுச்சேரியிலேயே அமர்ந்திருக்கும் சுதந்திர ஆணையம் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் உள்ளாட்சித் தேர்தலை நடத்தும் மாநிலத் தேர்தல் ஆணையத்தைச் சொல்லலாம். 1968-க்குப் பிறகு 38 ஆண்டு கழித்து 2006-இல் இங்கே உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் வென்றவர்களின் காலம் 2011-இல் முடிந்த பிறகு பல ஆண்டுகளாகத் தேர்தலே இல்லை. கோவாவில் சட்டச் செயலாளரையே கூடுதல் பொறுப்பாக மாநிலத் தேர்தல் ஆணையராக வைத்திருந்ததை உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சில் கண்டித்து, அரசுப் பணியில் இருப்பவர் அந்தப் பதவியில் இருக்கக் கூடாது என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் அரசைச் சாராத ஆணையர் ஒருவரை நியமித்த பிறகும் தேர்தல் நடக்கவில்லையென்றால் தடை எங்கே என்பதைச் சட்டமன்றத்துக்கு எழுத்தில் தெரிவிக்கும் கடமையாவது அவருக்கு வேண்டாமா?

அரசியல்வாதிகள் ஆணையரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டால் சுதந்திரம் போய்விடாதா என்று சிலர் கேட்பார்கள். பயம் நியாயமானதுதான், தகவல் வெளியானால் முதலில் கோபம் வருவது அவர்களுக்குத்தானே. ஆனால் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையைப் பொதுக் கணக்குக் குழு ஆராய்கிறது, குழுவின் தலைவராக எதிர்க்கட்சியைச் சேர்ந்தவரை அமர்த்துவது மரபாகிவிட்டது, அதனால் தணிக்கையாளரின் சுதந்திரம் பறிபோய்விடவில்லை. பிரிட்டனில் அரசுத் துறைகள், பொதுச் சுகாதாரச் சேவை மீதான புகார்களை விசாரிக்கும் நாடாளுமன்ற, சுகாதாரக் குறைதீர்ப்பாளரின் ஆண்டுச் செயல்பாட்டை நாடாளுமன்றக் குழு ஒன்று அவரையே அழைத்து விசாரிக்கிறது. குறிப்பிட்ட ஒரு வழக்கில் ஏன் இப்படித் தீர்ப்பளித்தாய் என்று அந்தக் குழு கேட்பதில்லை. எத்தனை வந்தன, எத்தனை முடிந்தன, எவ்வளவு காலமாயிற்று, சொன்னதை அலுவலகங்கள் செய்தனவா என்றுதான் கேட்கிறது. நம் சட்டமன்றத்தில் அப்படி ஒரு குழு அமைந்தால் அதற்கும் அந்த எல்லை போதும்.

ஆகவே தங்கள் இதழ் அடுத்த தலையங்கத்தில் இரண்டு கோரிக்கைகளைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தமிழ்நாடு சட்டமன்றத்தில் தகவல் ஆணையம், ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக் ஆயுக்தா, மனித உரிமை ஆணையம் ஆகியவற்றின் ஆண்டறிக்கைகளை ஆராய எதிர்க்கட்சி உறுப்பினர் தலைமையில் தனிக்குழு அமைய வேண்டும். மத்தியத் தகவல் ஆணையம் தன் அறிக்கையில் புதுச்சேரியிலிருந்து வந்த மேல்முறையீடுகள், முடிக்க எடுத்த காலம், விதித்த அபராதம் ஆகியவற்றைத் தனி அட்டவணையாகத் தர வேண்டும். அதைப் புதுச்சேரி சட்டமன்றத்திலும் வைக்க வேண்டும். இரண்டாவதை நாடாளுமன்றத்தில் எழுப்பக் கோரி எங்கள் உறுப்பினர்கள் இருவருக்கும் தனித்தனியே கடிதம் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்தால் தங்களுக்கும் நகல் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பாகூர், புதுச்சேரி.